18 நாள் லீவும் 17 பேரின் பயிற்சியும்

வருகிற ஆடியில் அம்மாவோடு கதிர்காமத்துக்கு நடந்து போவதாக முடிவு செய்திருக்கிறேன். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டு, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தை சேர்ந்து, அங்கிருந்து கூமுனைக் காட்டுக்குள் இறங்கும் பழைய வழி. எங்கள் கூட்டத்தார் போட்டிருக்கும் கணக்கு 16 நாள். வந்து கால் ஆற இன்னும் 2 நாள். ஆக 18 நாள் நான் வேலையில் இருக்க மாட்டேன். அதில் காட்டுக்குள் நடக்கும் நாட்களில் போன் சிக்னலை நம்பவே முடியாது.

கல்லடியில் என் வீட்டு முன் அறையிலும், சிலருக்கு அவர்கள் வீட்டுக்கே போயும் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். இப்போது 17 பேர். வங்கியிலும் பாடசாலைகளிலும் வேலை செய்கிறவர்கள் ஒன்பது பேர், காத்தான்குடியில் இருந்து ஒன்றாக வரும் நான்கு பேர், வலைப்பந்து விளையாடும் இரண்டு பிள்ளைகள், குழந்தை பிறந்து ஐந்து மாதமான ஒரு தங்கச்சி, 63 வயதில் சீனி வருத்தத்தோடு ஒரு நாளும் தவறாமல் வரும் ஒரு அன்ரி. இவர்களை விட்டுவிட்டு 18 நாள் எப்படிப் போவது என்று இரண்டு மாதமாக யோசித்தேன். என்னைப் போலத் தனியாக இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு லீவு கொடுக்க ஒரு மேலதிகாரி கிடையாது. வகுப்பு நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. அதனால் வருடக்கணக்காக லீவே எடுக்காமல் ஓடுகிறவர்களைத் தெரியும்; நானும் முதல் நான்கு வருடம் அப்படித்தான் ஓடினேன். நான் செய்து பார்த்த வழிகளையும், இங்கே மற்ற ட்ரெய்னர்கள் செய்து நான் கண்ட வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

முதலில், இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்று நான் ஒதுக்கிய வழி. அதற்குப் பெயர்கூட இல்லை. லீவு என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்து வைத்துக்கொள்வது. இரண்டு வருடத்துக்கு முன் தங்கையின் கல்யாணத்துக்குத் திருகோணமலை போய் 9 நாள் நின்றேன். "எந்த நேரமும் வட்ஸ்அப்பில் கேளுங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனேன். கேட்டார்கள். கேட்கச் சொன்னதே நான்தானே. மண்டபத்தில் ஆட்களுக்கு நடுவில் நிற்கும்போது ஒருவர், "தோள் நோகுது, நாளைக்கும் செய்யட்டா?" என்று அனுப்பியிருந்தார். "மெதுவாகச் செய்யுங்க" என்று பதில் போட்டேன். நேரில் இருந்திருந்தால் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லிப் பார்த்திருப்பேன். தலைக்கு மேல் பாரம் தூக்குவதை அன்றே நிறுத்தியிருப்பேன். நான் திரும்பி வந்தபோது அவரால் தலை பின்னக் கை தூக்க முடியவில்லை. அது சரியாவதற்கு இரண்டு மாதம் எடுத்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. கல்யாண வீட்டிலும் நான் முழுதாக நிற்கவில்லை, அவருக்கும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

அதனால் இந்த முறை நான் கேட்டுக்கொண்ட கேள்வி: நான் இல்லாத நாட்களில் இவர்களுக்கு உண்மையாகவே என்ன தேவை?

18 நாளில் உடம்புக்கு என்ன நடக்கும்

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பலர் ஒரு வாரம் விட்டாலே எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்து வந்த ஒருவர் இரண்டு மூன்று வாரம் முற்றாக நிறுத்தினாலும் தசையின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. கை கால் கொஞ்சம் சுருங்கினதுபோலத் தெரியும். தசைக்குள் சேமித்து வைத்திருந்த மாச்சத்தும் அதோடு நின்ற தண்ணீரும் குறைவதால் வரும் தோற்றம் அது. திரும்பத் தொடங்கினதும் சீக்கிரமே நிரம்பிவிடும். முதலில் குறைவது மூச்சுத் தாங்கும் சக்தி. இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைவதால் இரண்டு வாரத்துக்குள்ளேயே மாடிப்படி ஏறும்போது தெரிய ஆரம்பிக்கும்.

அதைவிட முக்கியமானது, நிறுத்துவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம். 1980களில் அமெரிக்காவில் ரொபர்ட் ஹிக்சன் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வுகள் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நல்ல பாடம். வாரத்துக்கு 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை 2 நாளுக்குக் குறைத்தார்கள். வேகத்தையும் கடுமையையும் அப்படியே வைத்திருந்ததால் 15 வாரம் கழித்தும் மூச்சுச் சக்தி குறையவில்லை. நாட்களைக் குறைக்காமல் கடுமையைக் குறைத்தபோதுதான் இறங்கியது. பாரம் தூக்கும் பயிற்சியிலும் இதுபோலத்தான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் வயதினர் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்கை வாரத்தில் ஒரே நாளில் செய்தே 32 வாரம் பலத்தையும் தசையையும் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் பலத்தைக் காப்பாற்றினார்கள், தசையின் பருமனைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே என் பதினேழு பேரில் பெரும்பாலானவர்களுக்கு 18 நாளில் நான்கைந்து நல்ல வகுப்பு நடந்தால் போதும், ஒன்றும் இழக்கமாட்டார்கள். அன்ரிக்கு மட்டும் கணக்கு வேறு. உடற்பயிற்சி செய்தபின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இசைந்து வேலை செய்வது ஒன்றிலிருந்து மூன்று நாள் வரைதான் நிற்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் உடம்பை அசைக்காமல் விடக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வது அதனால்தான். அவருக்குப் பாரம் தூக்குவது வாரம் இரண்டு முறை போதும், நடை விடக்கூடாது.

முற்றாக மூடிவிடுவது

எளிமையான வழி. பொங்கலுக்கு, சித்திரை வருடப்பிறப்புக்கு, பெருநாளுக்கு மூன்று நான்கு நாள் மூடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. அந்த நாட்களில் வருகிறவர்களும் வரமாட்டார்கள். ஒரு வாரம் வரைகூட ஆரோக்கியமானவர்களுக்குத் தாங்கும், மாதக்கணக்காக ஓய்வில்லாமல் செய்தவர்களுக்கு நல்லதும்கூட.

18 நாளுக்கு இதில் எனக்குள்ள தயக்கம் பழக்கத்தைப் பற்றியது. புதிதாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவருக்கு விடிய எழும்பி வருவது இன்னும் பழக்கமாகியிருக்காது. இரண்டரை வாரம் விட்டால் அந்த நேரத்தைத் தேத்தண்ணியும் சமையலும் எடுத்துக்கொள்ளும். இங்கே வீட்டுப் பெண்களுக்குத் தங்களுக்கென்று ஒரு மணித்தியாலம் கிடைப்பதே பெரிய பாடு. பிடித்து வைத்திருந்த அந்த மணித்தியாலம் ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பப் பிடிக்கப் பலருக்கு ஆறு மாதம் எடுத்ததைக் கண்டிருக்கிறேன்.

ஷெடியூல் எழுதிக் கொடுப்பது

செலவில்லாத வழி, சிக்னலும் தேவையில்லை. ஆனால் பலர் இதைச் சரியாகச் செய்வதில்லை. போகிற அன்று இரவு அவசரமாக ஒரு ஷெடியூலைத் தட்டி எல்லோருக்கும் ஒன்றையே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாம் நாளே ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

நான் இதற்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். ஷெடியூலில் புதிய பயிற்சி ஒன்றுகூட இருக்கக்கூடாது; எல்லாம் அவர்கள் என் முன்னால் குறைந்தது பத்துத் தடவையாவது செய்ததாக இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து அசைவு போதும். செட்டுகளைப் பாதியாகக் குறைப்பேன், பாரத்தைக் குறைக்கமாட்டேன். மேலே சொன்ன ஆய்வுகள் சொல்வது அதைத்தான். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் பார் தூக்குவதைத் தனியாகச் செய்ய விடமாட்டேன், அதற்குப் பதில் தண்டால். எங்கே நிறுத்துவது என்பதற்கு எல்லோருக்கும் விளங்கும் ஓர் அளவு: இன்னும் மூன்று தடவை நல்லபடி செய்யலாம் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். நடைக்கு: கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. வீட்டில் டம்பெல் இல்லாதவர்களுக்கு 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று ஒன்றரைக் கிலோ. புத்தகப் பைக்குள் 5 கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக் கதிரையில் இருந்து எழும்புவது நல்ல ஸ்குவாட்.

ஆடி மாதம் என்பதால் இன்னொன்றும் சேர்க்கவேண்டியிருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. ஒன்பது மணிக்கே காற்று சுடும். கடற்கரை நடையை ஏழு மணிக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. தண்ணீர் கொண்டு போகவேண்டும். இதை ஷெடியூலின் முதல் வரியாகவே போடுவேன்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்தாலும் அது வேலை செய்யுமா என்பது வேறு ஒன்றில் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் என் குரலுக்குப் பழகியவர்கள். "இன்னும் ரெண்டு" என்று நான் சொன்னால்தான் இன்னும் இரண்டு செய்வார்கள். எத்தனையாவது செட் என்பதும் என் தலையில்தான் இருக்கும். அது என் பிழை. காசு கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் நானே பார்க்கவேண்டும் என்று நினைத்து அப்படிப் பழக்கிவிட்டேன். இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன், பேசாத வகுப்பு என்று பெயர். ஷெடியூலைக் கையில் கொடுத்துவிட்டு நான் மூலையில் கதிரை போட்டு இருப்பேன். ஆபத்து என்றால் மட்டும் எழும்புவேன். மற்றபடி ஒரு சொல் சொல்லமாட்டேன். அவர்களே வாசித்து, எண்ணி, எழுதி, நிறுத்தவேண்டும். முடிந்தபிறகு கதைப்போம். ஒருவருக்கு இப்படி மூன்று வகுப்பு நடந்தால், அவரைத் தனியே விட்டுப் போகலாமா என்பது எனக்குத் தெரிந்துவிடும். எந்த இடத்தில் முதுகு வளைகிறது, எதை வாசித்து விளங்கவில்லை, எதைத் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

இன்னொரு ட்ரெய்னரிடம் ஒப்படைப்பது

பயமும் பயனும் ஒன்றாக இருக்கும் வழி இது. பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டால்? நின்றிருக்கிறார்கள். எனக்கு ஒருவர் அப்படிப் போனார். அவருடைய வீட்டுக்கு அந்த இடம் கிட்ட, நேரமும் வசதி. அது நியாயமான காரணம். அந்தப் பயத்தால் மட்டும் இந்த வழியை ஒதுக்கினால், வருத்தம் உள்ளவர்களைப் பாதுகாப்பாக விட்டுப் போக வேறு வழியே இருக்காது.

என்னிடம் வருகிறவர்களுக்குப் பெண் ட்ரெய்னர்தான் வேண்டும். காத்தான்குடி ராத்தாமார் மட்டும் அல்ல, மற்றவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். இங்கே பெண் ட்ரெய்னர்கள் கொஞ்சப் பேர்தான். ஆகவே கடைசி நேரத்தில் ஆள் தேட முடியாது. ஆறு மாதம் முன்னாலேயே கதைத்து வைக்கவேண்டும். அவர் லீவு போகும்போது நான் அவருடைய ஆட்களைப் பார்ப்பேன் என்ற சொல்லையும் கொடுக்கவேண்டும். கல்முனைப் பக்கம் வேலை செய்யும் ஒரு சிநேகிதி ஒப்புக்கொண்டிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் கல்லடிக்கு வருவார்.

ஒப்படைப்பது என்றால் போன் நம்பரைக் கொடுப்பது என்று நினைத்த ஒரு முறை எனக்குப் பாடம் கிடைத்தது. ஐந்து நாள் எனக்குப் பதிலாக நின்றவர் நல்ல ட்ரெய்னர்தான். ஆனால் ஒருவருடைய முழங்கால் விஷயத்தை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவர் தன் வழக்கப்படி முன்னால் கால் வைத்து இறங்கும் லஞ்ச் கொடுத்தார். முழங்கால் வீங்கியது. பிழை அவருடையது அல்ல. இப்போது ஒருவருக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன்: என்ன வருத்தம், என்ன மருந்து, எந்த அசைவு கூடாது, கடைசியாகத் தூக்கிய பாரம், இந்த 18 நாளில் எதைத் தொடக்கூடாது. கடைசியில் அந்த ஆளைப் பற்றி இரண்டு வரி. "இவர் நோகுது என்று சொல்லமாட்டார், முகத்தைப் பாருங்கள்" என்பதுபோல. இதை யாருக்கும் கொடுக்கும் முன் அந்த ஆளிடம் கேட்டுச் சம்மதம் வாங்குவேன். ஒருவருடைய வருத்தம் அவருடைய சொந்த விஷயம். மட்டக்களப்பு போன்ற ஊரில் கதை எவ்வளவு வேகமாக ஓடும் என்று நமக்குத் தெரியும். அப்புறம், போவதற்கு முன் இரண்டு வகுப்பு மூன்று பேரும் சேர்ந்து. முதலாவதில் நான் நடத்த அவர் பார்ப்பார், இரண்டாவதில் அவர் நடத்த நான் பார்ப்பேன்.

காசு விஷயத்தில் என் தீர்மானம் வெட்டொன்று. அந்த வகுப்புகளின் காசு முழுவதும் அவருக்கே. பங்கு கேட்பவர்களும் உண்டு, அதில் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நான் காட்டில் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் விடிய எழும்பி பஸ் ஏறி வந்து என் ஆளைக் கவனமாகப் பார்க்கிறார் என்றால் அந்தக் காசு அவருடையதுதான்.

ஒன்லைனில் நடத்துவது

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நம்மில் பலர் இதற்குள் தள்ளப்பட்டோம். அது இல்லாவிட்டால் அன்று தொழிலே இருந்திருக்காது. வெளியூருக்கு வேறு வேலையாகப் போய், அங்கே ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இதை லீவு என்று சொல்ல முடியாது. ஸூமில் காசு கட்டாமல் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான். சூடேற்றவும் ஆறவும் நேரம் போக நடுவில் 25 நிமிடம் மிஞ்சும். போனை நிலத்தில் வைத்தால் இடுப்பு தெரியாது, மேசையில் வைத்தால் பாதம் தெரியாது. லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே நடத்தலாம் என்று நினைத்த ஒரு ட்ரெய்னரை எனக்குத் தெரியும். இங்கே காலை 5.30 என்றால் கோடை காலத்தில் அங்கே இரவு 1 மணி. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார். என் பயணத்துக்கு இது எப்படியும் சரிவராது, உகந்தைக்கு அப்பால் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

பதிவு செய்த வீடியோ வேறு. ஓர் அசைவுக்கு ஒரு நிமிடம், புரியாமல் போகக்கூடிய இடங்களை மட்டும் காட்டி எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடலாம். ஷெடியூலுக்குத் துணையாக நல்லது, தனியாகப் போதாது.

இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவது

இதை ட்ரெய்னர்கள் அதிகம் யோசிப்பதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த நம்பிக்கை. காத்தான்குடியில் இருந்து வரும் நான்கு பேரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நோன்பு மாதத்தில் அவர்கள் என்னிடம் வருவதில்லை. ஆனால் ஒருவர் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து இரவில் கொஞ்சமாவது செய்துவிட்டுத்தான் இருப்பார்கள். பெருநாள் முடிந்து வரும்போது அவர்களிடம் பெரிய இறக்கம் இருக்காது. தனியாக ஷெடியூல் கொண்டுபோனவர் விடுவார். வாசலில் இன்னொருவர் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றால் விடமாட்டார்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். பலம் சமமாக இருக்கத் தேவையில்லை, நேரமும் வீட்டுத் தூரமும் சமமாக இருக்கவேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருப்பவரையும் கல்லடியில் இருப்பவரையும் சேர்த்தால் இரண்டு நாளில் அறுந்துவிடும். ஒருவர் மற்றவரின் ஷெடியூலைச் செய்யக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவைக்கவேண்டும், போட்டியில் பாரம் ஏற்றிவிடுவார்கள்.

காசுக்கு என்ன செய்வது

லீவு எடுக்காததற்குப் பலர் சொல்லும் உண்மையான காரணம் இதுதான். உதாரணத்துக்கு ஒருவர் வாரம் 3,000 ரூபா கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்துக்கு 156,000. வருடத்தில் 4 வாரம் லீவு எடுத்தால் 48 வாரம்தான் வேலை. அதே தொகை வர வாரம் 3,250 வாங்கவேண்டும். வாரத்துக்கு 250 ரூபா கூட. அடுத்த முறை கட்டணம் மாற்றும்போது இதைச் சேர்த்துவிட்டு, "வருடத்தில் நான்கு வாரம் நான் இருக்கமாட்டேன், அந்த வாரங்களுக்குக் காசு இல்லை" என்று முகம் பார்த்துச் சொன்னால் ஆட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். என்னிடம் ஒருவர்கூட மறுக்கவில்லை. முன்பணம் கட்டியவர்களின் நாட்களைத் தள்ளி வைப்பேன், வெட்டமாட்டேன். ஷெடியூல் எழுதிக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை.

யாருக்கு எது

ஆக, எல்லோருக்கும் ஒரே வழி என்று தேடியதுதான் இத்தனை நாளும் நான் விட்ட பிழை. நான்கு பேரைச் சிநேகிதியிடம் ஒப்படைக்கிறேன்: அன்ரி, பிள்ளை பெற்ற தங்கச்சி, முழங்கால் நோவு உள்ளவர், பிரஷருக்கு மருந்து எடுக்கும் ஒருவர். பிரஷர் உள்ளவர் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குகிறார். பக்கத்தில் ஒருவர் நின்று "ஊதுங்க" என்று சொல்லவேண்டும். காத்தான்குடி நான்கு பேரும் தங்கள் பாட்டுக்குச் சேர்ந்து செய்வார்கள், அவர்களுக்கு ஷெடியூல் போதும். வலைப்பந்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பயிற்சி இருக்கிறது. வாரம் ஒரு நாள் கால் பலத்துக்கு மட்டும் ஒரு சிறு தாள். வேலைக்குப் போகிறவர்களில் மீதி ஏழு பேர். ஆறு பேரை மூன்று சோடியாகச் சேர்த்துவிட்டேன். ஒருவர் மட்டும், "எனக்கு உங்கட லீவோடயே லீவு தாங்கோ, உடம்பு களைச்சுப் போச்சு" என்று கேட்டார். ஒன்றரை வருடம் விடாமல் செய்தவர். அவருக்கு அதுதான் சரி.

எல்லோருக்கும் ஒரு செய்தி மட்டும், புறப்பட இரண்டு மாதம் முன்பு ஒருமுறை, ஒரு வாரம் முன்பு ஒருமுறை. இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "ஆடியில் 18 நாள் நான் கதிர்காம யாத்திரையில் இருப்பேன். அந்த நாட்களில் போன் பார்க்கமாட்டேன். உங்கள் ஷெடியூல் உங்களிடம் இருக்கிறது. நோவு வந்தால் அந்த அசைவை விட்டுவிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன். நெஞ்சு இறுக்கம், மயக்கம், மூச்சு முட்டல் என்றால் எனக்கு எழுதவேண்டாம், உடனே 1990க்கு அழையுங்கள்." 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வட்ஸ்அப் பிஸ்னஸில் நாம் இல்லாத நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை வைக்கலாம். இதையே அதில் போட்டுவிடுவேன். "ஏதும் என்றால் கேளுங்க" என்ற பழைய வரியை எடுத்துவிட்டேன். அதை எழுதாமல் விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

திரும்பி வந்த முதல் வாரத்துக்கும் இப்போதே திட்டம் இருக்கிறது. ஷெடியூலைச் செய்தவர்கள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். முற்றாக ஓய்வெடுத்தவருக்குப் பாதி செட், பழைய பாரத்தில் மூன்றில் இரண்டு. விட்டதைப் பிடிக்கிறேன் என்று முதல் நாளே முழுசாகச் செய்தால் நான்கு நாள் படி இறங்க முடியாமல் நோகும். நானும் முதல் வாரம் பாதி வகுப்புத்தான் எடுப்பேன்.

பேசாத வகுப்பை இப்போதே தொடங்கிவிட்டேன். அன்ரியைச் சிநேகிதி வாரம் இரண்டு முறை பார்த்தாலும், மற்ற நாட்களில் நடையும் கதிரைப் பயிற்சியும் அவரே செய்யவேண்டும் அல்லவா. நடக்கப் போகும்போது சட்டைப் பைக்குள் சீனிப் பொட்டலம். தலை சுற்றி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியை வாயில் போட்டு உட்கார்ந்து, 15 நிமிடம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போன சனிக்கிழமை அவருடைய முதல் பேசாத வகுப்பு. இரண்டாவது பயிற்சி முடிந்ததும் நின்று என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. "என்னகா, ஊமையாகிட்டீங்களா மகள்?" என்றார். அதற்கும் பேசவில்லை. தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், பிறகு ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எட்டுத் தடவை என்று நான் எழுதியிருந்ததை மூன்று என்று வாசித்து, மூன்றோடு நிறுத்திவிட்டார்.

இன்றைக்கு உட்கார்ந்து அந்தத் தாளைப் பெரிய எழுத்தில், கறுப்பு மார்க்கரால் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களின் தாள்களையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.